நாயின் சொறிநோயும் அதன் மருத்துவமும்

திருநெல்வேலிப் பக்கத்தில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாது சொறிந்து திரியும் நாயைக் கல்லெறிந்து விரட்டுவோர் பலர். இரக்கமுடையோர் சிலர் பம்புசெட்டுக் கழிவெண்ணெயைப் பூசிவிடுவர். அது தோலைப் புண்ணாக்கும். நக்கி விழுங்கினால் நஞ்சுமாகும். இந்நோயோ தீர்க்கத்தக்கது.

இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உண்ணிகள். அவற்றுள் ‘சார்காப்டிஸ்’ என்பது தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடும். காதோரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் கடும் அரிப்பு உண்டாகும். பிற நாய்களுக்கும் விரைந்து தொற்றும். நாயை அணைத்துத் தூக்கும் சிறுவர்க்கும் சில நாள் அரிப்பு வரலாம்; ஆயினும் மனித உடலில் அது நிலைத்துப் பெருகாது. ‘டெமோடெக்ஸ்’ வேறு இயல்பினது. பிறந்த சில நாள்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, நலமுள்ள நாயின் மயிர்க்கால்களிலும் சிறிதளவு தங்கியிருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்கால்களிலும் மயிரை உதிர்க்கும். தொடக்கத்தில் அரிப்பு மிகுதியாக இராது; மனிதர்க்குத் தொற்றுவதுமில்லை.

பார்த்த அளவில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. படைநோயும் இவ்வாறே தோன்றும். ஆதலின் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் காண்பதே முறை. டெமோடெக்ஸுக்குத் தோலைப் பிதுக்கி, சிறிதே குருதி கசியுமளவு சுரண்டுவர். சார்காப்டிஸ் பலமுறை சுரண்டியும் அகப்படாமற் போவதுண்டு; அப்போது அறிகுறி கொண்டே மருத்துவர் சிகிச்சை தொடங்குவார். நெல்லை இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையிலேயே உள்ளது.

மருந்துகளுள் ஐவர்மெக்டின் பெயர்பெற்றது. அதன் கண்டுபிடிப்புக்காகவே கேம்பெல், ஓமுரா இருவரும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆயினும் மாட்டுக்குரிய ஊசிமருந்தை நாமே அளந்து போடுதல் கேடு. கோலி போன்ற சில இனங்களுக்கு அது உயிரையே வாங்கிவிடும். இப்போது ஃப்ளூரலானர் முதலிய மாத்திரைகள் நன்கு பயன் தருகின்றன. அரிப்படக்கும் ஸ்டீராய்டு ஊசியோ டெமோடெக்ஸை வளர்த்துவிடும்.

அவ்வுண்ணிகளும் உயிர்களல்லவா என நம்மவர் வினவலாம். உயிர்களே. எனினும் இல்லறத்தாரின் அணுவிரதம் முதன்மையாக விலக்குவது, கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கற்ப ஹிம்சையை. இங்குள்ள கருத்தோ ஐயறிவுயிரின் துயர் துடைப்பது. தொடக்கத்திலேயே மருந்திட்டால் மடிவனவும் குறைவு. காலந் தாழ்த்தினால் அவை பல்கிப் பெருகியபின் மடியும். ஆகவே தயங்கி நிற்றலைவிட விரைதலே அஹிம்சைக்கு அண்மையது என்பது என் துணிபு.

சார்காப்டிஸ் கண்டால் வீட்டு நாய்கள் அனைத்துக்கும் மருந்திட்டு, படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்தல் வேண்டும். டெமோடெக்ஸுக்கு, மயிர் முளைத்தவுடன் மருந்தை நிறுத்தலாகாது. ஒரு மாத இடைவெளியில் இருமுறை சுரண்டிப் பார்த்தும் உண்ணி காணப்படாதபோதே நிறுத்துவர்.