கன்றில்லாப் பசுவின் பால்



உடையவர் 1017-இல் திருவவதரித்த ஸ்ரீபெரும்பூதூருக்கு அணித்தான சேரப்பணஞ்சேரியில் வாழ்பவர், ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிபுரியும் இளம் பாகவதர் ஒருவர். பாலையும் நீக்கிய நனிசைவர். "ஸ்வாமி, புலால் ஆகாதெனில் பால் மட்டும் எங்ஙனம் ஆகும்?" என்று அடியோங்களை வினவினார்.

எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. வாங்குவோர் இல்லையேல் புலால் விற்போரும் இரார் என்பது திருக்குறள் காட்டும் கணக்கு. வணிகவியல் பயின்ற அடியோங்களுக்கு அதில் ஐயமில்லை. அக்கணக்கு பாலையும் விடாது. பசு ஈன்றால்தான் கறக்கும். ஈன்றவற்றில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். ஏர் பூட்டிய நாளில் அவற்றுக்குப் பணியிருந்தது. டிராக்டர் வந்தபின் பல அடிமாடாகவே விலைபோகின்றன.

ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் விவேகத்தை விளக்குமிடத்து, ஜாதி, ஆச்ரய, நிமித்த தோஷங்களற்ற அன்னத்தால் உண்டாகும் காயசுத்தியே அது என்றருளினார். பாலுக்கு ஜாதிதோஷம் இல்லை, மெய்தான். ஆயினும் மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், ஈன்று பத்து நாள் கழியாத பசுவின் பாலையும், கன்றில்லாத பசுவின் பாலையும் விலக்குகிறது. கன்றை எண்ணிப் பார்த்தே பால் கொள்வது பெரியோர் வழக்கம்! பாக்கெட் பாலில் கன்றை எங்ஙனம் காண்பது?

பால் துறத்தலும் நமக்கு அயலன்று. திருப்பாவை இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் நோன்புக்காக நெய்யும் பாலும் ஒழிக்கிறாள். இருபத்தேழாவதில் நெய் பெருகும் பாற்சோறு வருகிறது. அவள் நேர்ந்தபடியே திருமாலிருஞ்சோலையில் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பித்தவர் உடையவர். ஆதலின் தளிகையிற் பால் குற்றமன்று. அவ்விளைஞரின் நோன்பும் நகைக்கத்தக்கதன்று.

அடியோங்கள் இப்போது திருவாராதனத்துக்கு மட்டும், கன்றைக் கண்ணாற் காணக்கூடிய வீட்டிற் பால் வாங்குகிறோம். விலை கூடுதல்தான். "காளைக்கன்று பிறந்தால் என்செய்வீர்?" என்று அவ்வீட்டாரை இனிக் கேட்கவேண்டும்.