ரன்னிமீடு வேண்டாம், ஜொகூர் போதும்

தங்கச்சி,

நில அலுவலகத்துக்கு எதிராக நீ எழுதிய மனுவின் வரைவைப் படித்தேன். 1215, ரன்னிமீடு, இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மேக்னா கார்ட்டா என்று இரண்டு பக்கம் ஓடியிருக்கிறாய். எடுத்துவிடு. ஜொகூர் பாருவில் வழக்காடுகிறவளுக்கு வேண்டிய சரக்கு இந்த ஊரிலேயே கிடைக்கும்.

1895 ஏப்ரல் 14 அன்று சுல்தான் அபு பக்கார் இந்த மாநிலத்துக்கு எழுத்தில் ஓர் அரசமைப்பைக் கொடுத்தார். மலாய் மாநிலங்களில் அதுதான் முதலாவது. அமைச்சர்களுக்கு ஒரு மன்றம், சட்டம் இயற்ற ஒரு மன்றம் என்று ஏற்படுத்தியதோடு, சுல்தான் எதைச் செய்யக் கூடாது என்பதையும் அதில் எழுதிவைத்தார். 15ஆம் பிரிவைப் படித்துப் பார். நாட்டையோ அதில் ஒரு பகுதியையோ எந்த ஐரோப்பிய அரசுக்கும் ஒப்படைக்க ஆட்சியாளருக்கு அதிகாரமில்லை.

மேடையில் இதை மன்னரின் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பேராக், சிலாங்கூர், பகாங்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் வற்புறுத்தினாலும் தன் வாரிசுகள் கொடுக்க முடியாதபடி அவர் போட்ட வேலி அது. அது முழுதாகத் தாங்கவும் இல்லை. 1914-இல் பொது ஆலோசகர் என்ற பெயரில் பிரிட்டிஷ் அதிகாரி இங்கே நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் எழுத்து அழியவில்லை. 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதிநிதி மெக்மைக்கேல் நீட்டிய உடன்படிக்கையில் சுல்தான் இப்ராஹிம் கையெழுத்திட்டார். மலாய் மாநிலங்களை ஒரே பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ் இணைத்த மலாயன் யூனியனுக்கு அதுவே வாசல். அப்போது ஜொகூர் மலாய்க்காரர்கள் சிலர் 1895-ஐ எடுத்து நீட்டி, இப்படிக் கையெழுத்திட மன்னருக்கே அதிகாரம் ஏது என்று கேட்டார்கள். அந்நியனைத் தடுக்க எழுதிய வரி அரண்மனைக்குள்ளேயே திரும்பியது. எழுதியவர் நினைக்காத கைக்கும் பயன்பட்டதால்தான் அந்த வரியை உயர்வாக மதிக்கிறேன்.

நம்மவர்கள் இதில் மகிழ அதிகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாயன் யூனியன் தோட்டத்துத் தமிழருக்குக் குடியுரிமைக் கதவை அகலத் திறப்பதாக இருந்தது. 1948-இல் அதன் இடத்துக்கு வந்த மலாயாக் கூட்டமைப்பு அதைப் பாதி சாத்தியது. அதிகாரத்தை வரம்புக்குள் நிறுத்தும் போராட்டம் வென்றாலும் எல்லோருக்கும் பங்கு வந்துவிடாது.

1993-ஐ நீ அறிவாய். 1992 இறுதியில் இங்கே ஒரு ஹாக்கிப் பயிற்சியாளர் சுல்தான் மீது எழுப்பிய புகாரை அடுத்து, ஆட்சியாளர்களுக்கு இருந்த சட்ட விலக்கை நாடாளுமன்றம் நீக்கியது. அவர்கள் மீதான வழக்குகளுக்கென்று சிறப்பு நீதிமன்றம் வந்தது. வழக்குத் தொடுக்கச் சட்டத்துறைத் தலைவரின் சம்மதம் வேண்டும் என்ற பூட்டும் கூடவே வந்தது. அன்று மாமன்னராக இருந்தவர் பேராக் சுல்தான் அஸ்லான் ஷா, முன்னாள் நீதிபதி.

உன் மனுவுக்கு வேண்டியது அவர் நீதிபதியாக எழுதிய ஸ்ரீ லெம்பா தீர்ப்பு. 1979 சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. நிலத்தைப் பிரிக்க அனுமதி கேட்டவரிடம், நிரந்தர உரிமையை விட்டுவிட்டு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒத்துக்கொள் என்று அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். சட்டம் தராத அதிகாரம் அது என்று நீதிமன்றம் தள்ளியது. உன் கட்சிக்காரரின் கடிதத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறதே, எந்தப் பிரிவின் கீழ் போட்டார்கள்? வரைவில் அது இல்லை. கண்டுபிடித்து முதல் பத்தியிலேயே வை. பிரிவு எதுவும் அகப்படாவிட்டால், அதையே முதல் பத்தியாக எழுது.