தெரிந்தவனிடம் கேட்பது எதற்கு?

கேள்வி: என் தேவை அல்லாஹ்வுக்குத் தெரியும். பிறகு துஆ எதற்கு? ஐவேளை தொழுதும் மனம் நெருங்கவில்லையே!
– ஒரு சகோதரி, கல்முனைக்குடி

பதில்: சகோதரி, துஆ அவனுக்குச் செய்தி சொல்வதற்கல்ல, நாம் யாரை நம்பி நிற்கிறோம் என்று நமக்கே தெளிவதற்கு. உங்கள் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வருவோரைப் பாருங்கள்: நோய், கடன், பிள்ளையின் பரீட்சை என்று ஆளுக்கொரு தேவை. தேவைதான் பலரையும் வாசல்வரை கூட்டிவருகிறது, அதில் குறையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அதே கரையில் மீண்டும் தொழுகைக்கு நின்றார்கள். போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று தெரிந்தே, தாங்கும் பலம் கேட்டார்கள்.

நெருக்கம் வரவில்லை என்ற தவிப்பு பேரறிஞர்களுக்கும் இருந்தது. இமாம் கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியப் பதவியைத் துறந்து திமிஷ்க் (டமாஸ்கஸ்) போனார். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார். அவரிடம் கல்வி குறையவில்லை. உள்ளத்தின் அனுபவத்தையே தேடினார்.

நீங்கள் பதவியைத் துறக்க வேண்டாம். தொழுது முடிந்ததும் முஸல்லாவை உடனே மடிக்காமல், மனதில் இருப்பதை உங்கள் தமிழிலேயே அவனிடம் சொல்லுங்கள். நெருக்கம் இல்லையே என்று ஏங்கும் மனம் அவனை மறந்த மனமல்ல. அந்த ஏக்கமே அவன் தந்த கொடை, விட்டுவிடாதீர்கள்.