கையடக்க ஜி.பி.எஸ். கருவியும் அதனைக் கையாளும் முறையும்

மக்கள் அறியவேண்டுவனவற்றுள் தாம் நிற்கும் இடத்தை அறிதலும் ஒன்றாகும். நிலவழிச் செல்வோன் மலையையும் மரத்தையும் கோபுரத்தையும் அடையாளமாகக் கொண்டு வழியறிவான். கடல்வழிச் செல்வோனுக்கோ அத்தகைய அடையாளங்கள் இல்லை. முற்காலத்தில் சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இராப்பலகை என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, தாம் சேரவேண்டிய துறைமுகத்தின் நேருக்கு வந்தனரா என்பதை உணர்ந்தனர். இக்காலத்தில் அப்பலகையின் இடத்தை ஜி.பி.எஸ். என்னும் கைக்கருவி பெற்றுள்ளது. மீன்பிடிப்போர், மலையேறுவோர், வனத்தில் ஆராய்ச்சி செய்வோர் முதலிய பலரும் இதனை நாடுகின்றனர்.

எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடுண்டு. நட்சத்திரத்தை அளந்தவன் தன் கணக்கைத் தானே செய்தான். ஆதலின் பிழை எங்கே நேரக்கூடும் என்பதையும் அறிந்திருந்தான். இக்கருவியோ கணக்கனைத்தையும் உள்ளே முடித்துக்கொண்டு விடையை மட்டும் நமக்குக் காட்டுகின்றது. அவ்விடையை வாசிக்கக் கல்லாதவனுக்குக் கருவியின் நுட்பமே அபாயமாய் முடிதலும் கூடும். ஆதலின் இக்கருவி இயங்குமாறு, வாங்குமாறு, வாசிக்குமாறு ஆகிய மூன்றையும் நம் மாணவ நண்பர்களுக்கு இங்கே சுருக்கமாக எடுத்துரைப்போம்.

கருவி இயங்குமாறு

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. உலகின் எவ்விடத்தினின்றும் போதிய கோள்கள் தென்படும் பொருட்டு இவ்வமைப்பு 24 கோள்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத்தையும், தன்னுள் உள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகின்றது. அவ்வலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அது புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுக் கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை நம் கருவி கணக்கிடுகின்றது.

மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் குறித்துவிடலாம். ஆனால் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் எளியது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் தூரத்தில் 300 மீட்டர் பிழைத்துவிடும். இப்பிழையைக் களைவதற்கே நான்காவது கோள் வேண்டப்படுகின்றது. ஆதலின் குறைந்தது நான்கு கோள்களாவது தெரியும்படி திறந்த வானம் வேண்டும் என்பது இக்கருவியின் முதல் விதியாகும்.

இவ்வமைப்பு அமெரிக்க ஐக்கிய நாட்டின் இராணுவத்தால் ஏற்படுத்தப்பட்டது. முதற்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பரில் கொரிய நாட்டுப் பயணிகள் விமானமொன்று வழிதவறிச் சோவியத் வான்வெளியிற் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட, 269 பேர் மாண்டனர். அதன்பின் இவ்வமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதனால் ஏறத்தாழ 100 மீட்டராயிருந்த பிழை சில மீட்டராகக் குறைந்தது.

வாங்குமாறு

“கையில் அலைபேசி இருக்கத் தனிக்கருவி எதற்கு?” என்று சிலர் வினவலாம். நகரத்தில் வாழ்வோருக்கு அலைபேசியே போதும். அலைபேசியிலும் கோபுரத்தின் உதவியின்றியே இடங்காணும் பகுதி உண்டு. ஆயின் படங்களை முன்னதாகவே பதிந்து வைக்காவிடில் தொலைவிடங்களில் வெற்றுத்திரையே எஞ்சும். அதன் மின்கலமும் விரைவில் தீரும். ஆதலின் கடலுக்கும் காட்டுக்கும் செல்வோர் தனிக்கருவி வாங்குதல் நன்று. வாங்குங்கால் பின்வருவனவற்றைக் கருதுக.

முதலாவது, கடைகளில் எளிதிற் கிடைக்கும் மின்கலங்களை மாற்றிப் போடக்கூடியதாய் இருத்தல் வேண்டும். இரண்டாவது, திரை நண்பகல் வெயிலிலும் தெளிவாய்த் தெரிதல் வேண்டும். கடைக்குள் பார்த்து முடிவு செய்யாது, கடைக்காரரிடம் கேட்டு வாயிற்புறத்தில் வெயிலில் பிடித்துப் பார்க்க. மூன்றாவது, நீர் புகாததாய் இருத்தல் வேண்டும், ஐ.பி.எக்ஸ்.7 என்னும் குறி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கும். நான்காவது, ஈரக்கையாலும் இயக்கக்கூடிய பொத்தான்கள் இருத்தல் நலம். ஐந்தாவது, ஜி.பி.எஸ். கோள்களோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ முதலியவற்றின் அலைகளையும் ஏற்பதாயின், மலையிடுக்கிலும் மரச்செறிவிலும் அது மிகவும் உதவும்.

மற்றுமொன்று கூறல் வேண்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதியும் சில கருவிகளிற் சேர்ந்துள்ளது. அத்தகையதை அரசின் அனுமதியின்றி வைத்திருத்தல் நம் நாட்டில் குற்றமாகும். ஆதலின் வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்பளிப்பாக அனுப்பினும் ஆராய்ந்தே ஏற்றுக்கொள்க.

எண்ணை வாசிக்குமாறு

இனி நாம் முக்கியமாகக் கருதுவதைக் கூறுவோம். அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டும் பாகையால் அளக்கப்படும். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் எனக் கொள்ளலாம். ஒரே இடத்தை இக்கருவி மூவகையாகக் காட்டவல்லது: பாகையைத் தசமமாகவும், பாகையும் தசமக் கலையுமாகவும், பாகை கலை விகலையாகவும் காட்டும். எவ்வகையென்பதை அமைப்புப் பட்டியலில் நாமே தெரிந்து வைத்தல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். திரையில் 9.40 பாகை எனக் காணின் அது 9 பாகை 24 கலையாகும். அதனை 9 பாகை 40 கலை என்று கொள்பவன் 16 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தவறுகின்றான்.

இத்துணைப் பெரிய பிழை உடனே புலப்பட்டுவிடும். சிறுபிழையே கொடிது. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள கடல் எல்லை 1974-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் குறிக்கப்பட்டது. அக்கோட்டின் மூலைகளுள் ஒன்று கச்சத்தீவின் அருகே 9 பாகை 21.80 கலை வடக்கு, 79 பாகை 30.70 கலை கிழக்கு என்பதாகும். இவ்வெண்கள் தசமக் கலையில் அமைந்தவை என்பதை நோக்குக. அதே அட்சரேகையில் கிழக்கு நோக்கிச் செல்லும் ஒருவனுடைய கருவி விகலை காட்டும்படி அமைந்திருப்பதாகக் கொள்வோம். திரையில் 79 பாகை 30 கலை 50 விகலை எனத் தோன்றுகின்றது. அவன் அதனை 30.50 என வாசித்து, “எல்லை 30.70 அன்றோ? இன்னும் 360 மீட்டர் இப்பால் இருக்கின்றோம்” என்று எண்ணி வலை விரிப்பான். உண்மையிலோ 50 விகலை என்பது 0.83 கலை. அவன் எல்லையைக் கடந்து ஏறத்தாழ 240 மீட்டர் அப்பால் நிற்கின்றான். கருவி பொய் சொல்லவில்லை, திரையும் பழுதன்று. ஒரு புள்ளிக்கும் ஒரு கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் ஒரு படகும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இழக்கப்படலாம். எல்லையைப் பற்றிய வழக்கு எவ்வாறாயினும், தான் நிற்குமிடத்தை மீனவன் பிழையின்றி அறிதல் அவனுக்குக் காப்பாகும்.

படத்தோடு ஒப்பிடுமாறு

நிலப்படத்தையும் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கினார். அவருக்குப்பின் அப்பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் என்பார் பூமியின் வடிவத்தை 1830-இல் கணக்கிட்டுரைத்தார். இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் அவ்வடிவத்தை ஆதாரமாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறோர் ஆதாரத்தைக் கொண்டது. ஆதாரம் மாறின் அதே எண் வேறிடத்தைச் சுட்டும். தென்னாட்டில் அவ்வேறுபாடு 100 மீட்டருக்கும் மேற்படலாம். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியிடப்பட்ட வரிசைப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐயே தழுவியுள்ளன. ஆதலின் படத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள ஆதாரத்தை முதலில் வாசித்து, கருவியிலும் அதனையே அமைத்துக்கொள்க.

பயிலுமாறு

ஒருநாள் மாலை நாம் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் இக்கருவியை வைத்துப் பயின்றோம். கொடிக்கம்பத்தடியில் நின்று அவ்விடத்தைப் பதிந்துகொண்டு, மைதானத்தைச் சுற்றி வந்து, திரையை மட்டும் பார்த்து அதனிடம் மீண்டோம். சில அடி பிழையே இருந்தது. பின்னர் உயர்ந்த கட்டடத்தின் சுவரோரம் நின்றபோது, நாம் அசையாதிருக்கவும் திரையில் நம் இடம் அசைந்தது. சுவரில் பட்டுத் திரும்பிய அலைகள் தூரக்கணக்கை மயக்கியதே காரணம். இன்னொன்றும் கண்டோம்: நடக்கும்போது செம்மையாயிருந்த திசைக்குறி நின்றவுடன் தடுமாறியது. நகர்ச்சியைக் கொண்டே திசையைக் கணிக்கும் கருவிகளுக்கு இஃது இயல்பு. ஆதலின் காந்த ஊசியைக் கைவிடலாகாது.

சேருமிடத்தைக் குறித்தால் இக்கருவி அதற்கு நேர்க்கோடு காட்டும். அக்கோட்டிற் பாறையுண்டோ, பள்ளமுண்டோ என்பதை அது அறியாது. வழியைத் தேர்தல் நம் கடமை. புறப்படுமுன் அமைப்புகளைச் சரிபார்த்தல், புறப்பட்ட இடத்தைப் பதிதல், மாற்று மின்கலம் வைத்திருத்தல், மணிக்கொருமுறை எண்களைக் குறிப்பேட்டில் எழுதுதல் ஆகிய நான்கையும் வழக்கமாக்கிக் கொள்க. கருவி நின்றுவிடினும் குறிப்பேடு நம்மைக் கரை சேர்க்கும்.

நம் மாணவருள் கடற்கரை ஊர்களினின்று வந்தோர் பலர். விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் அவர்கள் தம் வீட்டுப் படகிலுள்ள கருவியை ஒருமுறை எடுத்து, அது கலையைத் தசமமாகக் காட்டுகின்றதா, விகலையாகக் காட்டுகின்றதா எனத் தந்தையாருடனும் தமையன்மாருடனும் இருந்து பார்ப்பாராக. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சிறு பணி, தாம் பெற்ற கல்வியால் வீட்டார்க்குச் செய்யும் நல்லுதவியாகும்.