வெள்ளைக் குதிரையின் கறை நீக்கும் முறை

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையை நம் அங்கத்தினர்களுள் அறியாதார் மிகச் சிலரே. காங்கேயம் காளைகளும் பர்கூர் மலை மாடுகளும் நிற்கும் அதே சந்தையில் கத்தியவாரி, மார்வாரி முதலிய வடநாட்டுக் குதிரைகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுள் கூட்டம் மிகுதியாகச் சூழ்ந்து நிற்பது வெள்ளைக் குதிரையையே. ஆனால் வெள்ளை நிறம் ஒன்றையும் மறைப்பதில்லை. கறுப்புக் குதிரையின் தொடையில் உள்ள சாணக் கறை பத்தடி தூரத்தில் தெரியாது; வெள்ளைக் குதிரையின் முழங்காலில் உள்ள மஞ்சள் திட்டோ சந்தையின் மறு கோடியிலிருந்தே தெரியும். வாங்க வருபவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்; காட்சிக்கு நிறுத்தினால் நடுவர் பராமரிப்பிலே குறை காண்பார். ஆகவே, விவசாயத்தோடு குதிரையும் வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு இக்கட்டுரை பயன்படும் என்று நம்புகிறோம்.

கறை என்றவுடன் நெசவுத் தொழிலில் பழகியவர் கை எங்கே செல்லும்? சாயப் பட்டறையில் உள்ள பிளீச்சிங் பவுடரையும் காஸ்டிக் சோடாவையுமே தேடும். சில ஆண்டுகளுக்கு முன் சந்தைக்கு முந்திய நாள் மாலையில் அப்படித்தான் நேர்ந்தது. ஒரு நண்பருடைய வெள்ளைப் பெண்குதிரையின் பின்னங்கால்களில் சிறுநீர்க் கறை ஆழப் படிந்திருந்தது. சிறிது பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார், நாங்களும் ஆமென்றோம். விடிந்து பார்த்தால் கறை இருந்த இடம் முன்னினும் மஞ்சளாகியிருந்தது. தோல் சிவந்து வெடித்திருந்தது. தொட வந்தவரையெல்லாம் அக்குதிரை உதைக்க முயன்றது. அவ்வாண்டு அது சந்தைக்குப் போகவில்லை. மருந்திட்டுத் தோல் ஆறிப் புதிய உரோமம் வளரப் பல வாரங்கள் சென்றன. அன்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பருத்தி செடியிலிருந்து வருவது. அதன் இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. காரத்தை அது நன்கு தாங்கும். நூறு பங்கில் இருபது பங்குக்கு மேல் காஸ்டிக் சோடா கலந்த நீரில் தோய்த்துப் பருத்தி நூலுக்கு மினுமினுப்பு ஏற்றுகிறார்கள் அல்லவா? உரோமமோ உயிரினத்தின் உடலில் விளைவது. ஆட்டுக் கம்பளியைப் போலவே அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நூற்றுக்கு ஐந்து பங்கு காஸ்டிக் சோடா கலந்து கொதிக்கும் நீரில் கம்பளி நூலை இட்டால் சில நிமிடங்களில் கரைந்தே போகும். பருத்தி நூல் அப்படியே நிற்கும். இரண்டையும் பிரித்தறியச் செய்யும் எளிய சோதனையே இது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினும் புரத இழையை வெளுப்பதில்லை, அரித்து மஞ்சளாக்கும். பட்டு நெய்பவர் இதை அறிவார். பட்டை அவர் பருத்தியைப் போல் வெளுப்பதில்லை. குதிரையின் உரோமத்தையும் பட்டாகவே கருத வேண்டும். அதுவும் உயிருள்ள தோலின்மேல் நெய்யப்பட்ட பட்டு.

அந்தத் தோலைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வோம். வெள்ளையாகத் தோன்றும் குதிரைகள் எல்லாம் ஒரு வகையின அல்ல. பல, பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்து, ஆண்டுதோறும் நரைத்து, ஆறு முதல் பத்து வயதுக்குள் வெண்மையடைபவை. வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகள் இவ்வகையே. இவற்றின் உரோமத்தை விலக்கிப் பார்த்தால் தோல் கறுத்திருக்கும். நுக்ரா எனப்படும் குதிரைகளுக்கோ தோலே இளஞ்சிவப்பு. இத்தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். எலுமிச்சைச் சாறு கறையை வாங்கும் என்று தேய்த்து வெயிலில் நிறுத்துவோர் உண்டு. மனிதர் தோலிலேயே எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் உண்டாகும் என்பதை நினைவிற்கொண்டு அதைக் கைவிட வேண்டும்.

நரைத்து வெளுத்த குதிரையைக் கழுவும்போது வாலின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பது நலம். இவற்றுக்கு வயது பதினைந்தைக் கடந்தால் அவ்விடத்தில் கறுத்த கட்டிகள் தோன்றுவது மிகச் சாதாரணம். சில வளராமலே கிடக்கும். சில பெருகித் துன்பம் தரும். கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

இனிக் கறைகளைப் பார்ப்போம். செம்மண்ணை ஈரத்தோடு தேய்க்கலாகாது. தேய்த்தால் நுண்ணிய மண் உரோமத்தின் அடிக்குள் புகுந்துவிடும். முற்றிலும் உலரவிட்டுப் பிரஷினால் தட்டி எடுத்துவிட்டால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்; எஞ்சியதற்கே நீர் வேண்டும். சாணக் கறையில் பசும்புல்லின் பச்சை நிறம் உண்டு. அது தண்ணீரில் கரையாது, சோப்பு நுரையில்தான் இளகும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீரே உரியது; சூடுபட்டால் அது உறைந்து நிலைத்துவிடும். எல்லாவற்றினும் பொல்லாதது சிறுநீர்க் கறை. குதிரையின் சிறுநீர் காற்றுப் பட்டால் பழுப்பாக மாறும் இயல்புடையது. இன்று வெளிர் மஞ்சளாகத் தோன்றும் கறை நாலைந்து நாளில் தேயிலை நிறமாகும். எனவே சந்தைக்கு முதல்நாள் வரை காத்திராமல் அன்றன்று ஈரத்துணியால் துடைத்துவிடுவதே பாதி வேலை. மற்றப் பாதி லாயத்தில் இருக்கிறது. தரை சாய்வாக இருந்து நீர் வடிய வேண்டும். இரவில் படுக்கும் இடத்தில் உலர்ந்த வைக்கோல் தடிப்பாகப் பரப்பியிருக்க வேண்டும். அதில் சிக்கனம் செய்பவர் அதை விடிகாலையில் சோப்பிலும் உழைப்பிலும் செலவழிக்கிறார்.

கழுவும் நாள் காட்சிக்கு முந்திய நாளாக இருக்கட்டும். அடிக்கடி சோப்பிட்டுக் கழுவினால் தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெய் போய் உரோமம் மங்கிவிடும். மினுமினுப்பு சோப்பினால் வருவதன்று. நாள்தோறும் மாலிஷ் செய்வதனால் வருவது. முதலில் வெதுவெதுப்பான நீரைக் குளம்பிலிருந்து தொடங்கி மெல்ல மேலே ஊற்ற வேண்டும். மென்மையான சோப்பையோ, பட்டுக்குப் பயன்படும் பூந்திக்கொட்டை நீரையோ நுரைத்துக் கறையின்மேல் பூசிப் பத்து நிமிடம் ஊறவிடுக. பிறகு விரல்நுனியால் உரோமத்தின் போக்கிலேயே பிசைக. போகாவிட்டால் மீண்டும் ஒருமுறை ஊறவிடலாமே தவிர, அழுத்தித் தேய்க்கலாகாது. முகத்தில் நீர் ஊற்றாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். பூந்திக்கொட்டை கண்ணில் பட்டால் மிகவும் எரியும். வாலைக் கழுவுபவர் பின்னால் நில்லாமல் பக்கத்தில் நின்று, ஒரு கையைக் குதிரையின் மேல் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

அலசுவதில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சிய சோப்பு தோலில் அரிப்பை உண்டாக்கும். குதிரை சுவரில் உராய்ந்து புதுக் கறையைத் தேடிக்கொள்ளும். வயிற்றின் கீழ் வடியும் நீர் தெளியும் வரை அலசுக. உங்கள் கிணற்று நீர் உப்பு மிகுந்த கடின நீரானால் சோப்பு அதில் திரிந்து வெண்பிசுக்காகப் படியும். சாயம் தோய்ப்போருக்கு இத்தொல்லை புதிதன்று. கடைசி அலசலுக்கேனும் மழைநீரோ ஆற்று நீரோ கொண்டுவருதல் நன்று.

கறை போன பின்னும் வாலிலும் பிடரியிலும் சிறு மஞ்சள் சாயல் நிற்கும். வேட்டிக்கு இடும் நீலம் இங்கே உதவும். அது கறையை நீக்குவதில்லை. மஞ்சளுக்கு எதிர் நிறமாகையால் கண்ணுக்கு வெண்மையாகக் காட்டுகிறது, அவ்வளவே. ஒரு வாளி நீருக்குச் சில சொட்டுகள் போதும். வாலை நன்றாக நனைத்த பிறகே அந்நீரில் தோய்க்க வேண்டும். உலர்ந்த முடி நீலத்தைத் திட்டுத் திட்டாக உறிஞ்சும். ஒரு வாரத்துக்கு முன் வால் நுனியில் சோதித்துப் பாராதவர் நீலக் குதிரையோடு சந்தைக்கு வர நேரிடும். கூட்டம் கூடும், விலைதான் கூடாது.

பின்னர் நீரை வழித்து, நிழலில் உலர்த்தி, போர்வை இட வேண்டும். இங்கே நம் தொழிலறிவு மீண்டும் பயன்படுகிறது. சென்னிமலைப் பருத்திப் போர்வை இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் சாயமிடாத வெள்ளையே வேண்டும். தறியிலிருந்து இறக்கியதாயின் கஞ்சி போக இருமுறை அலசிக்கொள்க. நாப்தால் சாயமிட்ட சிவப்புத் துணி நீருக்குக் கெட்டியாக இருந்தாலும் உராய்ந்தால் நிறம் விடும். இரவு முழுவதும் வியர்வையோடு உராயும் போர்வைக்கு அது ஆகாது. வண்ணக் கழுத்துக் கயிற்றையும் குஞ்சங்களையும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, துணியில் நிறம் ஏறாவிட்டால் மட்டுமே கட்டுக.

காட்சியன்று காலையில் போர்வையை எடுத்ததும் முழங்காலில் புதுக் கறை ஒன்று தென்பட்டால் மீண்டும் குளிப்பாட்ட வேண்டுவதில்லை. ஈரத்துணியால் ஒற்றி, சிறிது சோளமாவைத் தூவி, உலர்ந்தபின் பிரஷினால் தட்டிவிடுக. விழாவில் நெற்றிக்கு மஞ்சள் இட விரும்புவோர், அக்கறையின்மேல் சோப்புப் பட்டால் உடனே செந்நிறமாகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். உரோமத்தில் இடாமல் நெற்றிப்பட்டையின்மேல் இட்டால் போதுமானது.