இலக்க வெப்பமானியைச் சோதிக்கும் காமிரா

மாணவர்களே, அக்குளில் வைத்து எடுத்த இலக்க வெப்பமானி 36.8 என்று காட்டினால், காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாக அதை உறைக்குள் போட்டுவிடுகிறோம். உண்மையான வெப்பநிலை 38.8 ஆக இருந்து, திரையில் ஒரே ஒரு சிறு கோடு மட்டும் தோன்றாமல் போயிருந்தால்? எட்டு என்ற எண் ஏழு கோடுகளால் ஆனது. அவற்றுள் வலப்புறத்து மேற்கோடு தோன்றாவிட்டால் எட்டு ஆறாகிவிடும். அதே கோடு மறையாமல் நிலைத்துவிட்டால் ஆறு எட்டாகிவிடும். வெப்பத்தை உணரும் பகுதி துல்லியமாக வேலை செய்தும், கருவி பொய் சொல்கிறது.

ஆகவே பலவகை வெப்பமானிகள் பொத்தானை அழுத்தியவுடன் ஓரிரு வினாடிகள் 188.8 என்று காட்டுகின்றன. எல்லாக் கோடுகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் நூற்றுக்கணக்கான கருவிகளை ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தால் கண் களைத்துவிடும். அவ்வேலையை ஒரு வெப்காமிராவுக்கும் கணிப்பொறிக்கும் கொடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

காமிராவைக் கொண்டு ஒரு பொருளின் நிலையை அறிவது புதிய எண்ணமன்று. 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினர், காப்பிப் பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்று தத்தம் இடத்திலிருந்தே அறிய ஒரு காமிராவை அதன் எதிரே நிறுத்தினர். 1993-இல் அப்படம் இணையத்துக்கு வந்தது. 2001-இல் காமிரா நிறுத்தப்பட்டது. அங்கே படத்தைப் பார்த்து முடிவு செய்தவர் மனிதர். நம் கருவியிலோ முடிவையும் இயந்திரமே சொல்லவேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். காமிராவின் படம் குறுக்கே 1280, நெடுக்கே 720 படப்புள்ளிகள் கொண்டது. ஆக மொத்தம் 9,21,600 புள்ளிகள். இப்படத்தின் அகலத்தில் 160 மில்லிமீட்டர் இடம் அடங்குகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். வெப்பமானியின் திரை 20 மி.மீ. நீளமும் 8 மி.மீ. உயரமும் உடையதாயின் அதற்குக் கிடைப்பவை 160 × 64, அதாவது 10,240 புள்ளிகள். முழுப்படத்தில் இது 90-இல் ஒரு பங்குதான். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கோட்டுக்கு 4 புள்ளிகளே கிடைக்கும். காமிராவை அருகே கொண்டுசென்று 80 மி.மீ. இடம் மட்டும் தெரியுமாறு வைத்தால் இது 8 புள்ளியாகும். ஆனால் மலிவான காமிராக்கள் பலவற்றில் குவியத்தை மாற்ற இயலாது. மிக நெருங்கினால் படம் மங்கிவிடும். எடுத்த படத்தைக் கணிப்பொறியில் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். அதனால் படம் பெரிதாகுமே தவிர, இல்லாத விவரம் வந்து சேராது.

இனி, படத்தைக் கத்தரிப்போம். ஒவ்வொரு புள்ளியின் பொலிவும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகப் பதிவாகிறது. நம் திரையில் கோடு தோன்றினால் அவ்விடத்தில் 60, தோன்றாவிட்டால் 170 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடு 20 × 4, அதாவது 80 புள்ளிகள் கொண்டது. முழுப்படத்தின் சராசரிப் பொலிவை மட்டும் பார்த்தால், அக்கோடு மறைவதால் ஏற்படும் மாற்றம் 80 × 110 ÷ 9,21,600. அதாவது ஏறத்தாழ 0.01. கடலில் கரைத்த பெருங்காயம்தான்! கோட்டின் மேல் மட்டும் பொருந்தும் சிறு சாளரத்தை வெட்டி எடுத்துப் பார்த்தால் மாற்றம் முழு 110. கத்தரிப்பதன் பயன் இப்போது விளங்குகிறதல்லவா?

சாளரத்தைக் குறிக்க நான்கு எண்கள் போதும்: இடது மேல் மூலையின் இரு ஆயங்கள், அகலம், உயரம். இங்கே ஒன்றை மறவாதீர்கள். வரைபடத்தாளில் y மேல்நோக்கி வளரும். காமிராப் படத்தில் அது கீழ்நோக்கி வளரும். ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பைப் பைத்தான் மொழியில் பயன்படுத்துவோர் வரிசை எண்ணை முதலிலும் நிரல் எண்ணை அடுத்தும் தரவேண்டும். அதாவது y முதலில் வருகிறது.

ஒரேயடியாக எல்லாக் கோடுகளின் மேலும் சாளரம் வைப்பதைவிட இரண்டு படிகளில் வெட்டுவது நல்லது. முதலில் திரையை வெட்டுங்கள். அதன் மூலை 560, 328 என்க. பிறகு திரையின் மூலையையே தொடக்கமாகக் கொண்டு கோடுகளின் இடத்தைக் குறியுங்கள். திரைக்குள் 52, 10 என்ற இடத்திலுள்ள கோடு முழுப்படத்தில் 612, 338-இல் இருக்கும். நாளை காமிரா சற்று நகர்ந்துவிட்டால் திரையின் இரண்டு எண்களை மட்டும் திருத்தினால் போதும்.

நகர்வதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. வெப்பமானி 1 மி.மீ. விலகினால் படத்தில் 8 புள்ளிகள் விலகும். கோட்டின் தடிப்போ 4 புள்ளி. சாளரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்! வெப்பமானி அசையாமல் அமரும்படி மரத்தில் ஒரு பள்ளம் செதுக்கி, அதே பலகையில் காமிராவையும் திருகாணியால் பூட்டுவது, எந்த மென்பொருளையும்விடச் சிறந்த பரிகாரம் என்பது என் கருத்து.

அடுத்து, காமிராவின் தானியங்கிக் குணங்கள். வெளிச்சத்துக்கேற்ப நம் கண்மணி சுருங்கி விரிவதுபோல, வெப்காமிராவும் ஒளி படும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. முகம் பார்த்துப் பேசுவதற்கு இது வசதி, அளப்பதற்கோ பகை. 115-ஐ எல்லையாக வைத்து, அதற்குக் கீழே இருந்தால் கோடு தோன்றுகிறது என்று முடிவு செய்கிறோம் என்க. வெள்ளைச் சட்டைக் கை ஒன்று காமிராவின் முன் வருகிறது. படம் மிகைப் பொலிவு பெற்றதென எண்ணிக் காமிரா நேரத்தைக் குறைக்கிறது. 170 ஆக இருந்த இடம் 110 ஆகிறது. உடனே செத்த கோடும் உயிருள்ளதாகக் கணக்காகி, பழுதான வெப்பமானி தேர்ச்சி பெற்றுவிடுகிறது. அந்தக் கை நம் சாளரத்துக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் படத்தை வெட்டுவது கணிப்பொறியில். காமிராவோ தன் முழுப்பார்வையையும் கொண்டு முடிவு செய்துவிட்டது. வெட்டி எறிந்த பகுதியும் அளவைக் கெடுக்கும்.

ஆதலால் ஒளி படும் நேரத்தைக் கையால் நிலைநிறுத்தவேண்டும். எவ்வளவு என்று? நம் மின்சாரம் வினாடிக்கு 50 அலைவுகள் உடையது. எனவே அதில் எரியும் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கிப் பொலிகின்றன. வெப்காமிரா படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால், ஒரு வரி விளக்கின் பொலிவிலும் மற்றொரு வரி மங்கலிலும் பதிவாகிப் படத்தில் பட்டைகள் விழும். நேரத்தை 10 மில்லி வினாடியின் முழு மடங்காக, 20 மில்லி வினாடி என்று வைத்தால், ஒவ்வொரு வரியும் இரண்டு முழு அலைவுகளைப் பெற்றுச் சமமாகிவிடும். லினக்ஸில் இதற்குரிய அலகு 100 மைக்ரோ வினாடி. ஆகவே 200 என்று குறிக்கவேண்டும். மின்சாரம் 60 அலைவுகளாயிருக்கும் அமெரிக்காவில் இக்கணக்கு மாறும்.

தானியங்கிக் குவியத்தையும் நிறுத்திவிடுங்கள். குவியம் மாறும்போது உருவத்தின் அளவும் சிறிது மாறி, சாளரங்கள் இடம் பிசகும். இணைப்பைக் கழற்றி மாட்டினால் இவ்வமைப்புகள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆதலால் நிரலின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் இவற்றை அமைக்கவேண்டும். காமிராவைத் திறந்தவுடன் வரும் சில படங்களை ஒதுக்கிவிடுவதும் வழக்கம். 188.8 ஓரிரு வினாடிதான் நிற்கும் என்பதால், பொத்தானை அழுத்துமுன்பே காமிரா ஓடிக்கொண்டிருக்கட்டும்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்வாக வையுங்கள். இல்லாவிட்டால் திரையின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி நேரே காமிராவில் விழும். திரை அணைந்திருக்கும்போது ஒரு படமும் எல்லாக் கோடுகளும் தோன்றும்போது ஒரு படமும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், வெளிச்சம் சீராக இல்லாததால் வரும் வேறுபாடு பெருமளவு நீங்கும். மறையாமல் நிலைத்துவிட்ட கோடும் அப்போது அகப்பட்டுவிடும். இரு படங்களிலும் அது ஒன்றுபோலவே இருக்குமல்லவா?

கழித்து வரும் எண் 110-ஐ ஒட்டி இருந்தால் கோடு நல்லது. 0-ஐ ஒட்டி இருந்தால் கெட்டது. 55-க்கு மேலா கீழா என்று ஒரே வெட்டாக வெட்டிவிட மனம் வரும். அப்படிச் செய்யாமல், 35 முதல் 75 வரை வந்தவற்றைத் தனித் தட்டில் வைத்து மனிதக் கண்ணிடம் காட்டச் சொல்லுங்கள்.

வெப்பமானிதான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஏழு கோட்டுத் திரையுள்ள கணக்கிடு கருவி இருந்தால் அதில் எட்டுகளாக நிரப்பிச் செய்து பாருங்கள். ஒரு கோட்டின் மேல் சாளரம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியை 1 மி.மீ. நகர்த்தி ஒரு முறையும், தானியங்கி அமைப்பை இயக்கிவிட்டு ஓரத்தில் வெள்ளைத்தாளை நீட்டி ஒரு முறையும் எண்களைக் குறியுங்கள். மூன்றையும் அட்டவணையில் அடுத்தடுத்து எழுதுங்கள்.