களஞ்சியப் பாதைகளும் உரிமை விதிகளும்

ஒரு கணினியினுள்ளே பல கணினிகள் தனித்தனி இயங்குமாறு செய்தல் மெய்நிகராக்கம் எனப்படும். அப்பணிக்கெனப் பயன்படுவனவற்றுள் ஒன்று வீஎம்வெயார் ஈஎஸ்எக்ஸ்ஐ என்னும் சேவையகமாம். அதன் களஞ்சியப் பாதைகளைக் கட்டளை வரியினால் ஆளும் முறையை ஈண்டு சுருக்கமாகக் கூறுவாம்.

சேவையகமும் வட்டுக் களஞ்சியமும் பல பாதைகளால் இணைக்கப்படும். இணைப்பு அட்டைகள் இரண்டும் களஞ்சியத்தின் வாயில்கள் இரண்டுமாயின், ஒரு வட்டலகுக்கு நான்கு பாதைகள் உண்டாகலாம். 'வீஎம்எச்பிஏ2:சி0:ரி1:எல்20' என்னும் பாதைப் பெயரிலே அட்டை, வழி, இலக்கு, வட்டலகு என்பன முறையே குறிக்கப்படுகின்றன.

எப்பாதையை எந்த மென்பொருட் கூறு பொறுப்பேற்க வேண்டுமென வகுப்பனவே உரிமை விதிகள். அவை எண்வரிசையிற் பரிசீலிக்கப்படும்; சிறிய எண்ணே முந்தும். 0 முதல் 100 வரையுள்ள எண்கள் ஆக்கியோருக்கே உரியன. ஈற்றிலுள்ள 65535 ஆம் விதி, வேறெவ்விதியும் ஏற்காத பாதைகளை என்எம்பி என்னும் பொதுக் கூற்றிடம் ஒப்படைக்கும்.

வேறொரு சேவையகத்துக்குரிய வட்டலகு நமது சேவையகத்துக்கும் புலப்படுகின்றதெனக் கொள்வோம். அறியாதார் ஒருவர் அதனை வெற்று வட்டென்றெண்ணிப் புதிதாக வடிவமைப்பின், பிறர் தரவு முழுதும் அழியும். ஆதலின் அதனை மறைத்தல் வேண்டும். கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழிலே தருகின்றோம். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் இடுக.

முதலாவதாக, 'ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்ரோறேஜ் கோர் கிளெயிம்றூல் லிஸ்ற்' என இட்டு, உள்ள விதிகளை நோக்கி, வழங்காத எண் ஒன்றைத் தெரிக. 200 என்க. இரண்டாவதாக, 'லிஸ்ற்' என்பதற்குப் பதிலாக 'அட்' என இட்டு, விதி எண், இடவகை, அட்டை, வழி, இலக்கு, வட்டலகு என்பவற்றையும், மறைக்கும் கூறாகிய 'மாஸ்க் பாத்' என்பதன் பெயரையும் குறிக்க. இக்கூற்றின் பெயரை மாத்திரம் பேரெழுத்திலே, இரு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்து எழுதுக. இதனால் விதி கோப்பிலே பதியுமேயன்றிச் செயற்படாது. மூன்றாவதாக, 'லோட்' என இடின் அது நினைவகத்தை அடையும். மீண்டும் 'லிஸ்ற்' இட்டு, 200 ஆம் விதி 'பைல்', 'றண்ரைம்' என ஈரிடத்தும் தோன்றுதல் காண்க. நான்காவதாக, முன்னரே என்எம்பி கைக்கொண்ட பாதையைக் 'கிளெயிமிங் அன்கிளெயிம்' என்னும் கட்டளையால் விடுவித்து, 'கிளெயிம்றூல் றன்' என இடுக. அவ்வளவில் விதி நடைமுறைக்கு வரும்.

மாணவர் கருத்திற் கொள்ளற்பாலன மூன்று. ஒன்று, நான்கு பாதைகள் உளவாயின் நான்கையும் மறைத்தல் வேண்டும். ஒன்று எஞ்சினும் வட்டலகு புலப்படும். இரண்டு, வட்டலகின் எண்ணைக் குறியாது விடின், அவ்விலக்கிலுள்ள வட்டலகுகள் அனைத்தும் மறைந்துபோம். அவற்றை நம்பியியங்கும் மெய்நிகர் கணினிகள் நின்றுவிடும். மூன்று, இச்சேவையகமே ஒரு வட்டலகைப் பயன்படுத்துமாயின், அதிலுள்ள தரவுக் களஞ்சியத்தை முதலிற் கழற்றிய பின்னரே மறைத்தல் தகும்.

மறைத்ததை மீட்க விரும்பின், 'றிமூவ்' எனும் சொல்லால் விதியை நீக்கி, 'லோட்', 'அன்கிளெயிம்', 'றன்' என்பவற்றை அம்முறையே இடுக. விதியை நீக்கிய மாத்திரத்தே பாதை மீளாது. மறைக்கும் கூற்றின் பிடியினின்று விடுவித்தலும் இன்றியமையாதது.